மூன்றாம் மாதம் யார் வருகிறார்கள்?

பைக் விபத்தில் அடிபட்டு எழுந்துகொண்டிருக்கும் வாசகர்களும், அவர்களோடு வண்டி ஓட்டும் நண்பர்களும் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் இயன்முறை மருத்துவர் பதில் சொல்கிறார்.

இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ராட் வைத்திருக்கிறார்கள். பத்து வாரம் ஆகிறது, வலி துளியும் இல்லை. எங்கள் புல்லட் குழு அடுத்த மாதம் வால்பாறை போகிறது. "மெதுவாப் போவோம், நீ நடுவுல வா, முன்னாடியும் பின்னாடியும் நாங்க இருக்கோம்" என்கிறார்கள். போகலாமா?
— வாசகர், கரூர்

போகக் கூடாது. வலி இல்லாததை வைத்து எலும்பு கூடிவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். இப்போது உங்கள் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது அந்த ராட். கீழ்க்கால் எலும்பு முழுதாகக் கூட நான்கிலிருந்து ஆறு மாதம் ஆவது சாதாரணம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

அதிலும் உங்களுக்கு அடிபட்டது இடது கால். வண்டியை நிறுத்தும்போது வலது கால் பிரேக்கில் இருக்கும், தரையில் ஊன்றுவது இடது கால்தான். கியர் மாற்றுவதும் சைடு ஸ்டாண்டைத் தட்டுவதும் அதே கால். கிளாசிக் 350 வண்டியின் எடை ஏறத்தாழ 195 கிலோ. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் ஒரு வளைவில் எதிரே பேருந்து இறங்குகிறது, நீங்கள் நிற்க வேண்டும், வண்டி இடப்பக்கம் சாய்கிறது. அந்த நொடியில் முன்னால் போகிறவரும் பின்னால் வருகிறவரும் உங்கள் காலுக்கு என்ன செய்துவிட முடியும்?

முதலில் எக்ஸ்ரே பார்த்து உங்கள் அறுவை மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும். பிறகு எதையும் பிடிக்காமல் இடது காலில் மட்டும் அரை நிமிடம் நின்று பாருங்கள். அந்தக் காலில் எடையைத் தாங்கிப் படி இறங்கிப் பாருங்கள். ஓடாத வண்டியில் உட்கார்ந்து, பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, வண்டியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்து நிமிர்த்துங்கள். இவ்வளவும் முடிந்தால் உங்கள் தெருவுக்குள் ஓட்டலாம், அப்புறம் ஊருக்குள். மலை கடைசி. டிராமடால், பிரிகாபலின் போன்ற தூக்கம் தரும் மாத்திரைகள் எடுக்கும்வரை சாவியைத் தொட வேண்டாம்.

வால்பாறைக்குக் காரில் போங்கள். நண்பர்களில் ஒருவர் உங்களுக்காகக் கார் ஓட்டட்டும்.

என் கணவருக்குத் தொடை எலும்பு முறிந்து அறுவை செய்து வீட்டில் இருக்கிறார். தினமும் மாலையில் அவருடைய வண்டிக்கார நண்பர்கள் வந்து விடுகிறார்கள். கால் வலிக்கிறது என்றால் முட்டிக்குக் கீழே தலையணை வைக்கிறார்கள், வாசலில் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கிறார்கள், பேச்சு முழுக்க வண்டிதான். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே நடுங்குகிறது. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
— வாசகி, திருப்பூர்

அவர்களை நிறுத்தாதீர்கள் அம்மா. ஆனால் வீடு உங்களுடையது, விதிகளை நீங்கள் வையுங்கள்.

முட்டிக்குக் கீழே வைக்கும் தலையணையை இன்றே எடுத்துவிடுங்கள். மடங்கிய நிலையில் கிடந்தால் முட்டி நீட்ட முடியாமல் இறுகிப்போகும். அதை மீட்க நாங்களும் உங்கள் கணவரும் படும் பாட்டை நீங்கள் பார்க்க வேண்டியதில்லை. தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். சிகரெட் அறவே கூடாது. நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. இதை நண்பர்களிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால் இந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆட்டுக்கால் சூப் வாங்கி வருகிறார்கள் என்றால் வரட்டும், கெடுதல் இல்லை. ஆனால் முட்டை, பருப்பு, மீன், தயிர், கேழ்வரகு தினமும் உள்ளே போக வேண்டும். சூப்பை நம்பி இவற்றை விட்டுவிடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, தொட்டால் வலித்தால் யாரையும் நீவ விடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம்.

வண்டிப் பேச்சு உங்களைப் பதற வைப்பது நியாயம். உங்கள் முன் அதைப் பேச வேண்டாம் என்று கேளுங்கள், கேட்பார்கள். அவருக்கோ அந்தப் பேச்சு மருந்து. அடுத்து வண்டி ஓட்டுவதா என்பதை நீங்கள் இருவரும் ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம். இப்போது முடிவு எடுக்க வேண்டாம்.

ஹெல்மெட்டில் சின்னக் கீறல்தான். விலை உயர்ந்தது. தொடர்ந்து போடலாமா?
— வாசகர், தாம்பரம்

கூடாது. உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு ஒரே ஒரு அடியை வாங்கத்தான் செய்யப்பட்டது. அது நசுங்கியிருப்பது வெளியே தெரியாது. புதியது வாங்க முடியவில்லை என்றால் உங்கள் குழுவிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

முழங்கை விலகி மருத்துவர் சரி செய்தார். இப்போது நீட்ட முடியவில்லை. குழுவில் மூத்தவர் ஒருவர், எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் சரியாகும் என்று தானே வந்து நீவுகிறார்.
— வாசகர், ஆரணி

இன்றோடு நிறுத்துங்கள். அடிபட்ட முழங்கையை அழுத்தி நீவினால், இழுத்து மடக்கினால், தசைக்குள்ளேயே எலும்பு வளரலாம். அப்புறம் மூட்டு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளக்கூடும். வலிக்காத எல்லைக்குள் நீங்களே மடக்கி நீட்டுவதுதான் வழி. அந்தப் பெரியவரின் அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, பிசியோவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு இடுப்பும் தொடையும் முறிந்தது. ரத்தம் கொடுத்தோம், பணம் திரட்டினோம், ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காவல் இருந்தோம். இப்போது வீட்டில் இருக்கிறார். போனை எடுப்பதில்லை, வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். நாங்கள் என்ன தவறு செய்தோம்?
— ஒரு ரைடர் குழுவினர், மதுரை

தவறு செய்யவில்லை. பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

முதல் வாரத்தில் வார்டு வாசலில் இருபது ஹெல்மெட் இருக்கும். நர்ஸ் வந்து கூட்டத்தைக் கலைக்க வேண்டியிருக்கும். தையல் பிரித்து வீட்டுக்குப் போன பிறகு ஐந்து பேர். மூன்றாம் மாதம், அவர் வாக்கரைப் பிடித்துக் கழிவறைக்குப் போய் வருவதே பெரிய வேலையாக இருக்கும்போது, ஒருவரும் இல்லை. ஆனால் கால் மீளுமா முடமாகுமா என்பது பெரும்பாலும் தீர்மானமாவது அந்த மாதங்களில்தான். நாள்தோறும் ஒரே பயிற்சி, ஒரே வலி, பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு விரல்கடை முன்னேற்றம். இதைத் தனியாகச் செய்ய யாராலும் முடியாது. என்னிடம் வருவதை நிறுத்திவிடுகிறவர்களில் பலர் சோம்பலால் நிறுத்துவதில்லை. கூட்டி வர ஆள் இல்லை. தம்பிக்கு லீவு இல்லை, ஆட்டோவுக்குத் தினமும் காசு இல்லை, அப்பாவால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை.

"எது வேணும்னாலும் கேளுடா" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். கேட்க மாட்டார். அதுவரை மற்றவர்களுக்கு டயர் மாற்றிக் கொடுத்த மனிதர் அவர். "செவ்வாயும் வெள்ளியும் பத்து மணிக்கு நான் கார் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். பிசியோ அறைக்குள் வந்து உட்காருங்கள், எந்தப் பயிற்சி என்று பாருங்கள், வீட்டில் மறுநாள் அதைச் செய்யவையுங்கள். இழப்பீட்டு வழக்கு இருந்தால் ஒருவர் அந்தக் காகிதங்களின் பொறுப்பை ஏற்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு சொல்கிறது. படுத்திருப்பவருக்கு நாள் ஓடுவது தெரியாது. உடனே வக்கீலைப் பாருங்கள். அவரைக் கேட்காமல் வண்டியைச் சரி செய்யவோ விற்கவோ வேண்டாம்.

இன்னொன்று, நான் யாரிடமும் விடாமல் சொல்வது: அவருக்கு வேலை கொடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அவரை எழுப்பி உட்கார வைத்தவர் கூடப் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளுக்கு உட்கார்ந்தபடியே அறுவை செய்யலாம் என்று அந்த வேலைக்குள் அவரைக் கொண்டுவந்தார். சக்கர நாற்காலியில் இருந்தே மேரி அறுவை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, சி.எம்.சி.யில் அதற்கென்று ஒரு துறையையே கட்டினார். பாகாயத்தில் உள்ள மறுவாழ்வு நிலையம் 1966இல் வந்தது. அழுது ஆறுதல் சொன்னவர்களும் அவரைச் சுற்றி இருந்திருப்பார்கள். மாற்றத்தைக் கொண்டுவந்தது சக தொழில்காரர் கொடுத்த வேலை.

உங்கள் நண்பரும் உங்கள் தொழில்காரர்தான். அடுத்த பயணத்துக்கு வழி போடும் பொறுப்பை அவரிடம் விடுங்கள். எங்கே பெட்ரோல், எங்கே சாப்பாடு, எங்கே மருத்துவமனை என்று அவர் தீர்மானிக்கட்டும். பயணத்தன்று எல்லோருடைய லொக்கேஷனையும் பார்த்து, பிந்துகிறவரை அழைத்துக் கேட்பவர் அவராக இருக்கட்டும். குழுவின் கணக்கை ஒப்படையுங்கள். வாட்ஸ்அப்பில் வேகமாக வளைவு எடுக்கும் வீடியோக்களைப் பார்த்துத்தான் விலகியிருப்பார் என்று நினைக்கிறேன். நேரில் போய்க் கேளுங்கள். உங்களில் யாருக்காவது முன்பு இதே எலும்பு முறிந்திருந்தால் அவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும். தழும்பைக் காட்டி "எனக்கும் நாலாம் மாசம் வரைக்கும் மடங்கல" என்று அவர் சொல்வதற்கு இருக்கும் பலம் என் சொல்லுக்கு இல்லை.

படுக்கை அருகே நின்று "அந்த இடத்துல நீ பின் பிரேக் பிடிச்சிருக்கணும்" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அந்த ஆராய்ச்சியை அவர் இரவெல்லாம் தனியாகச் செய்துகொண்டிருக்கிறார்.

விபத்தில் வலது தோள் அடிபட்டது. எலும்பு முறிவு இல்லை என்றார்கள். நாலு மாதமாகக் கை துணி மாதிரி தொங்குகிறது. "நரம்பு தானாக வரும், பொறு" என்கிறார்கள்.
— வாசகர், பட்டுக்கோட்டை

இனி ஒரு வாரம்கூடப் பொறுக்காதீர்கள். பைக்கிலிருந்து தூக்கி எறியப்படும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுக்கப்பட்டு, கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து அறுபடலாம், வேரோடு பிடுங்கப்படலாம். இழுபட்ட நரம்பு தானாகத் திரும்புவது உண்டு. அறுந்தது திரும்பாது. அறுவை செய்வதாக இருந்தால் முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது நல்லது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. அது போய்ச் சேருவதற்குள் தசை செத்துவிட்டால் பயனில்லை.

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு, கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கென்றே அறுவை மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேலை செய்யும் நரம்பிலிருந்து ஒரு கிளையை எடுத்து, முழங்கையை மடக்கும் தசைக்குக் கொடுக்கும் அறுவை நம் ஊரில் நடக்கிறது. தனியாகப் போகாதீர்கள், நண்பர் ஒருவர் உடன் வரட்டும். அதுவரை கையைத் தொங்கவிடாமல் தூளியில் வையுங்கள், விரல்களை மறு கையால் தினமும் மடக்கி நீட்டுங்கள்.

கொல்லிமலைப் பயணத்தில் நான்தான் லீடு. பின்னால் வந்த புதுப் பையன் விழுந்து கால் முறிந்தது. அவன் தேறி வருகிறான். எனக்குத் தூக்கம் இல்லை. அவனைப் பார்க்கப் போக முடியவில்லை.
— வாசகர், நாமக்கல்

தம்பி, நாளைக்கே போங்கள். நீங்கள் வராததற்கு அவன் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருப்பான், தன்மேல் கோபம் என்று. விளக்கம் எதையும் தயார் செய்து கொண்டு போகாதீர்கள். அவன் பேசட்டும்.

உங்கள்மேல் தவறே இல்லை என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. 70 வளைவு உள்ள மலையில் அன்று வேகத்தை யாருக்காக வைத்தீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியாக வருகிற, புதிதாக ஓட்டுகிற ஆளுக்குத் தக்க வேகத்தில் போவதுதான் லீடின் வேலை. அன்று அப்படிப் போயிருந்தால் நிம்மதி கொள்ளுங்கள். போகவில்லை என்றால் அடுத்த பயணத்திலிருந்து மாற்றுங்கள், அதைக் குழுவில் எல்லோர் முன்னும் சொல்லுங்கள்.

விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, தூக்கத்தில் பதறி எழுவது, அந்தச் சாலையைத் தவிர்ப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். விழாதவருக்கும் இந்த நோய் வரும், குணமும் ஆகும். டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நான் விழுந்தபோது நண்பர்கள் உடனே ஹெல்மெட்டைக் கழற்றி, ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்துக் கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டேன். அவர்கள் செய்தது சரியா?
— வாசகர், திண்டிவனம்

பிழைத்தது நல்ல காலம். செய்தது தவறு, ஆனால் அவர்களைத் திட்டாதீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள், 108ஐ அழையுங்கள். விழுந்தவர் மூச்சு விடுகிறார், பேசுகிறார் என்றால் ஹெல்மெட்டைத் தொடாமல் முகக் கண்ணாடியை மட்டும் தூக்குங்கள், அசைய வேண்டாம் என்று சொல்லுங்கள். மூச்சு அடைத்தாலோ வாந்தி வந்தாலோதான் கழற்ற வேண்டும். அப்போதும் ஒருவர் கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெல்லக் கழற்ற வேண்டும். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள்.

போலீஸ் கேஸ் என்று பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு காக்கிறது. அவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். பணம் கட்டச் சொன்னால் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டிக் குழு நடத்தும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பயணத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன், குழுவில் இரண்டு பேரையாவது முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புங்கள். பயணத்தில் ஒருவர் எல்லோருக்கும் முன்னாலும், மற்றவர் கடைசியிலும் வரட்டும்.