பிரேக்கு அழுத்துங்கால் வண்டி நடுங்குவதேன்?

காரைக்கால் அரசலாறு கடலொடு கலக்குமிடத்து அமைந்த ஊர். சுற்றிலும் மேடு பள்ளமற்ற வயல்நிலம். ஆதலின் இங்கு மோட்டார் வண்டி செலுத்துவோர், மலைநாட்டாரைப் போலப் பிரேக்கைப் பற்றி மிகுதியும் எண்ணுவதில்லை. ஆயினும் சமநிலத்துச் சாலையிலும் ஆடு குறுக்கிடும்; சிறுவர் பந்தின் பின்னே ஓடிவருவர்; அறுவடைக் காலத்தில் சாலையோரத்திலேயே நெல் காய்வதுமுண்டு.

எம் நண்பரொருவர் தம் முதிய தந்தையாரைச் சிகிச்சையின் பொருட்டுத் தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு அடிக்கடி அழைத்துச் செல்பவர். பிரேக்கு அழுத்துந்தோறும் அவர் கையில் ஸ்டியரிங் நடுங்கிற்று. பட்டறையொன்றில் முன்சக்கரத்து டிஸ்க்குகள் இரண்டையும் புதிதாக மாற்றினர். மூன்று திங்களில் நடுக்கம் மீண்டது. ஒரு நாள் சீர்காழிக்கு அருகே கன்றொன்று குறுக்கிட்டபோது, நடுக்கத்திற்கு அஞ்சிப் பிரேக்கை அரைமனத்தோடு அழுத்தினாராம். கன்று பிழைத்தது நற்காலமே. இதனைக் கேட்டபின், இக்கோளாற்றின் காரணத்தை முறையாக ஆராய்தல் வேண்டுமெனத் துணிந்தோம்.

முதற்கண் பிரேக்கின் தொழிலை அறிதல் வேண்டும். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு வட்டே டிஸ்க்கு. அதனை இருபுறமும் பற்றி உராய்வன பேடுகள். 1902-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பார் இவ்வமைப்பிற்கு உரிமம் பெற்றார். 1955-இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் டி.எஸ். வண்டி இதனை முன்சக்கரங்களிற் பூண்டு வெளிவந்தது. காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியினின்று நீங்கியதற்கு அடுத்த ஆண்டு அது. 1,000 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திற் செல்லுங்கால் அதன் இயக்க ஆற்றல் 2,00,000 ஜூல். வேகம் பாதியாயின் ஆற்றல் காற்பங்கே. இவ்வாற்றல் முழுதையும் வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை.

இனி, நோய் எங்குள்ளதென நாடுவோம். பிரேக்கைத் தொடாதபோதும் குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிருமாயின், குற்றம் பெரும்பாலும் சக்கரத்தின் சமநிலையிலோ டயரிலோ உள்ளது. பிரேக்கின்போது மட்டும் ஸ்டியரிங் ஆடுமாயின் முன்சக்கரங்களை ஐயுறுக. இருக்கை அதிருமாயின் பின்சக்கரத்து டிரம்மை ஐயுறுக. கைப்பிரேக்கு நெம்புகோல் உள்ள வண்டியில், ஆளற்ற நேர்ச்சாலையிலே, மெதுவான வேகத்தில், பொத்தானை அழுத்தியவாறே அதனைச் சிறிது சிறிதாக இழுத்துப் பார்ப்பின், பின்சக்கரத்தின் குற்றம் தனித்துப் புலப்படும். வழுக்குந் தரையில் திடீரென அழுத்துங்கால் மட்டும் காலடியில் துடிப்புத் தோன்றின், அது ஏ.பி.எஸ். அமைப்பின் இயல்பான செயலாகலாம். அதனை நோயென மயங்கற்க.

“டிஸ்க்கு சூட்டினால் வளைந்துவிட்டது” என்பது பலரும் கூறும் விடை. உண்மை பெரும்பாலும் வேறு. டிஸ்க்கு அச்சுக்குச் செங்குத்தாக அமராது சிறிது சாய்ந்து அமருமாயின், சுழலுந்தோறும் அதன் ஒரு பகுதி, பிரேக்கு அழுத்தாதபோதும், பேட்டினைத் தடவிச் செல்லும். தடவிய இடம் நாளடைவில் தேயும். அதனால் டிஸ்க்கின் கனம் ஓரிடத்து மிகுந்தும் ஓரிடத்துக் குறைந்தும் நிற்கும். பின்னர்ப் பிரேக்கு அழுத்துங்கால் பிடி இறுகியும் தளர்ந்தும் மாறும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் சிறுவண்டியின் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 11 முறை சுழலுமாதலின், இம்மாற்றமே நடுக்கமாகக் கையில் உணரப்படுகின்றது. புதிய டிஸ்க்கு சில திங்கள் நன்றாயிருந்து பின்னர் நடுங்குவதன் மருமமும் இதுவே.

சாய்வு எவ்வாறு தோன்றிற்று? நண்பர் வண்டியின் டிஸ்க்கைக் கழற்றியபோது, அது பொருந்தும் ஹப்பின் முகத்திலே துருப்படலம் கண்டோம். உப்புக் காற்றும் ஐப்பசி கார்த்திகை மழையும் உள்ள ஊரில் இது வியப்பன்று. 140 மில்லிமீட்டர் அகலமுள்ள ஹப்பின் ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் துரு இருப்பின், 240 மில்லிமீட்டர் அகலமுள்ள டிஸ்க்கின் விளிம்பு ஏறத்தாழ 0.086 மில்லிமீட்டர் ஆடும் என்பது எளிய விகிதக் கணக்கு. பொறுக்கத்தக்க எல்லையோ பல வண்டிகளில் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர் வரையே. பழைய துருவின்மேல் புதிய டிஸ்க்கைப் பூட்டியதே பிழை.

பரிகாரம் வருமாறு: வண்டியை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டாண்டுகளின்மேல் உறுதியாக நிறுத்துக, ஜாக்கியை மட்டும் நம்பற்க. ஹப்பின் முகத்தைக் கம்பித் தூரிகையால் உலோகம் ஒளிருமட்டும் துலக்குக. டிஸ்க்கை நட்டுகளால் இறுக்கி, டயல் கேஜ் வைத்துச் சுழற்றி ஆட்டத்தை அளக்க. மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களிற் கனத்தை அளக்க, 0.02 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபடின் லேத்தில் கடைதல் வேண்டும். கடைந்தபின் கனம் டிஸ்க்கின்மேற் பொறித்த குறைந்த அளவிற்குக் கீழாயின் புதிதே பூட்டுக. இடமும் வலமும் ஒருங்கே செய்க. காலிப்பரின் பின்கள் தடையின்றி நகருமாறு துடைத்து, அவற்றிற்குரிய கிரீசிடுக. சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ஸ்பானரால், உரிய அளவே இறுக்குக. புதுப் பேடாயின், முதலில் மிதமாகப் பலமுறை அழுத்தி, இடையிடையே ஆறவிட்டுப் பழக்குக. இவ்வளவிற்குப் பின்னும் நடுக்கம் நீங்காதாயின், ஸ்டியரிங் மூட்டுகளையும் சஸ்பென்ஷன் புஷ்களையும் ஆராய்க.

நண்பர் வண்டியின் டிஸ்க்குகள் கடையப்பெற்றுத் துலக்கிய ஹப்பில் அமர்ந்தன. அடுத்த பயணத்தில் அவர் தந்தையார் கடலூர் வரை உறங்கினார் என்று கேட்டு மகிழ்ந்தோம்.

மாணவ நண்பர்காள்! பழுதுற்ற உறுப்பை மாற்றுதல் எளிது. அது பழுதுற்ற காரணத்தை நாடுதலே கல்வி. காரணம் சில வேளைகளில், புதிய உறுப்பு அமரும் இடத்திலே, கண்ணிற் படாது துருவாகப் படிந்திருக்கும்.