கடலில் டைவ் அடித்தவர்கள் மலையேறும் முன்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வங்கக் கடல் அடங்கிக் கிடக்கும் மாசி, பங்குனி இது. புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங் பழகப் போகிறவர்கள் நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு: டைவ் செய்த அன்றே கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு வண்டி ஏறாதீர்கள். மலையில் வீடு இருப்பவர்களுக்குத்தான் இது இன்னும் முக்கியம். டைவ் முடித்த உடனே விமானம் ஏறக்கூடாது என்று எல்லாப் பயிற்சியாளர்களும் எச்சரிப்பார்கள். ஆனால் கடலோரத்தில் இருக்கும் அவர்களுக்கு உங்கள் ஊர் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல் போகலாம். நீங்களே சொல்லிவிடுங்கள்.

காரணம் அழுத்தம். மலையடிவாரத்துக் கோமுகி அணை நிரம்பினால் ஆழம் 46 அடி. அதன் அடியில் தண்ணீரின் எடை மட்டும் சுமார் 1.4 வளிமண்டல அழுத்தம் தரும். மேலேயுள்ள காற்றையும் சேர்த்தால் 2.4. கடலில் கணக்கு இன்னும் எளிது, 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும். முதுகில் சுமக்கும் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். தொடக்கக்காரர்களுக்குத் தருவது நாம் தினமும் சுவாசிக்கும் காற்றுதான். அதைச் சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அந்த அழுத்தத்திலேயே, சிலிண்டரில் பொருத்திய ரெகுலேட்டர் என்ற கருவி காற்றைத் தரும். அதனால் ஆழத்தில் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் வழக்கத்தைவிட அதிக நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. உடம்புக்கு அது எதற்கும் உதவாது. மேலே வரும்போது மெல்ல மெல்ல நுரையீரல் வழியாக வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் உள்ளேயே குமிழியாகிவிடும்.

படகில் ஏறியதும் நைட்ரஜன் வெளியேறும் வேலை முடிந்துவிடுவதில்லை. பல மணி நேரம் நடக்கும். கல்வராயன் மலை ஊர்களோ 2,000 அடிக்கு மேலே. 3,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கோமுகி அணையைத் தாண்டி வளைவுகளில் பஸ் ஏறும்போது காது அடைப்பதும், பையிலிருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்புவதும் அதனால்தான். மற்ற நாளில் அது ஒரு பொருட்டே இல்லை. நைட்ரஜன் மிச்சமிருக்கும் உடம்புக்கு இந்த ஏற்றம் கடலிலிருந்து இன்னும் மேலே எழும்பி வருவதுதான்.

டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற சர்வதேச அமைப்பு, டைவுக்குப் பின் 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு நிகரான அழுத்தத்தில் பறப்பதற்குக் கால இடைவெளி வகுத்திருக்கிறது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். ஒரே நாளில் இரண்டு முறையோ, தொடர்ந்து பல நாட்களோ இறங்கியிருந்தால் 18 மணி நேரம். மலையேறுவதற்கும் இதையே பின்பற்றுங்கள். முழுதாக ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது. காலை 9 மணிக்குக் கடலைவிட்டு ஏறி, மதியம் சாப்பிட்டு, விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகத் திரும்பினால் இரவு 8 மணிக்கு வெள்ளிமலையில் இருப்பீர்கள். அது பதினொரு மணி நேரம்தான்! அன்றிரவு கள்ளக்குறிச்சியிலோ கச்சிராயபாளையத்திலோ தெரிந்தவர் வீட்டில் தங்கிவிடுங்கள். சனிக்கிழமை கடல், ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் என்று திட்டம் போட்டிருக்கும் வெளியூர்க்காரர்கள் அதை அப்படியே திருப்பிப் போடலாம். மலையைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போவதில் இந்த ஆபத்து இல்லை.

அடுத்தது மூச்சு. கிணற்றில் தம் கட்டி, அடிமண்ணை அள்ளிக்கொண்டு மேலே வந்து காட்டிய பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அந்தப் பழக்கம் ஸ்கூபாவில் உயிருக்கே ஆபத்து. கிணற்றில் குதிக்கும்போது கரையில் இழுத்த காற்றுதான் நுரையீரலில் இருக்கும். ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். ஸ்கூபாவில் நீங்கள் மூச்சிழுப்பதே ஆழத்தில். 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, நீர்மட்டத்துக்கு வருவதற்குள் இரண்டு மடங்காகும். தம் கட்டியிருந்தால் அதற்குப் போக்கிடம் இல்லை, நுரையீரல் கிழியும். நான்கடி ஆழத்திலிருந்து மேலே வந்தாலே இது நடக்கக்கூடும் என்பதால், ஆழம் குறைவுதானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பயந்தவுடன் தம் கட்டி மேலே பாயத்தான் உடம்பு பார்க்கும். அதனால் முதலில் நீச்சல் குளத்திலோ இடுப்பளவு நீரிலோ, இடைவிடாமல் மூச்சுவிட்டுக்கொண்டே இருப்பது பழக்கமாகும் வரை பயிற்சி எடுங்கள். மேலே வரும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகக்கூடாது. ஆழமாகப் போனவர்கள் 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்றுதான் வர வேண்டும்.

இறங்கும்போது காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றை ஊதிச் சரிசெய்யுங்கள். வலித்தால் சற்று மேலே வாருங்கள், அழுத்தி ஊத வேண்டாம். சளி பிடித்திருந்தால் பணம் கட்டியிருந்தாலும் இறங்காதீர்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அறுவை சிகிச்சை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. முந்தைய இரவு குடித்தவர்கள் மறுநாள் கடலை மறந்துவிடுங்கள். பயிற்சியாளரிடம் பி.ஏ.டி.ஐ., எஸ்.எஸ்.ஐ. போன்ற அமைப்புகளின் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் பழக வேண்டாம்.

டைவ் முடிந்து ஒரு நாளுக்குள் மூட்டுவலி, தோலில் அரிப்பு, கைகால் மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத அசதி ஏதாவது வந்தால் பஸ் பயணக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அப்படியே படுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். மருத்துவமனையில் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை, கடலில் டைவ் செய்தேன் என்பதாக இருக்கட்டும். எத்தனை மீட்டர், எத்தனை முறை, எத்தனை மணிக்கு மேலே வந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் தர வேண்டியது தூய ஆக்சிஜன். பிறகு அழுத்த அறை சிகிச்சை தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மறுபடி கடலில் இறங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மலையில் இருக்கும்போது இந்த அறிகுறிகள் தெரிந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து இரவோடு இரவாகக் கீழே இறங்கிவிடுங்கள்.