கேட்டறிந்த விவரங்களும் மக்களின் சம்மதமும்

2020-ம் ஆண்டின் முற்பகுதியில் கொரோனா நோய் பரவியபொழுது, கேரளத்தில் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, தனித்திருந்தோரின் பெயர், வயது, விலாசம், முன்னரே உள்ள நோய்கள் முதலியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்டனர். மக்களும் தயக்கமின்றிக் கூறினர். கேட்டவர் பழகிய ஊழியர். கேட்டதன் காரணமும் கண்கூடானது. ஆனால் அவ்விவரங்களைத் தொகுத்து ஆராயும் பணியைத் திருவனந்தபுரத்திலுள்ள அரசாங்கம் ஸ்பிரிங்ளர் என்னும் அமெரிக்கக் கம்பெனியிடம் ஒப்படைத்திருந்தது என்பதை, விவரம் கூறியவர் அறியார். முதல் சில மாதங்களுக்குக் கட்டணம் இல்லை. தகராறு எழுந்தால் நியூயார்க் நீதிமன்றமே விசாரிக்கும் என்று ஒப்பந்தம் கூறிற்று.

இதனை எதிர்த்த வழக்குகளில், கேரள உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் 24-ந் தேதி இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இன்னாருடையது என்று அறிய முடியாதவாறு விவரங்களை மாற்றிய பின்னரே கம்பெனி அவற்றைக் காணலாம். இனி விவரம் தருவோரிடம், வெளியார் அதனைக் காணக்கூடும் என்று தெரிவித்துச் சம்மதம் பெற வேண்டும். கம்பெனி அவற்றை வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாகாது. கேரள அரசாங்கத்தின் பெயரை விளம்பரத்துக்கும் எடுத்தாளலாகாது. விவரங்கள் விற்கப்பட்டன என்று நீதிமன்றம் கூறவில்லை. விற்க வழி இருத்தலாகாது என்பதே அதன் கவலை.

அடையாளம் நீக்குதல் என்பது பெயரை அடித்துவிடுதல் மட்டுமன்று. ஒரு வார்டில் 84 வயதான சிறுநீரக நோயாளி ஒருவரே இருப்பாராயின், பெயர் இல்லாவிடினும் அவர் யாரென்பது அண்டை வீட்டாருக்கு விளங்கிவிடும். ஆகவே வயதை ‘80-க்கு மேல்’ என்றும், வார்டைத் தாலுகாவாகவும் விரித்து எழுத நேரிடும். பெயருக்குப் பதிலாக எண் இடும் முறையும் உண்டு. ஆனால் எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஊழியரின் கைத்தொலைபேசியிலேயே இருந்தால் பயன் யாது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தனர். எனினும் 2020-ல் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மின்னணுத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறிற்று. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. சம்மதம் பற்றிய பிரிவுகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து அமலுக்கு வருமென அறிவிக்கப்பட்டது. (‘ஒப்புதல்’ என்ற சொல் ரசீதில் இடும் கையெழுத்தையும் குறிக்குமாதலால் இங்கே ‘சம்மதம்’ என்றே எழுதுகிறேன், மலையாளத்திலும் அதுவே வழக்கு.)

இச்சட்டப்படி சம்மதம் என்பது குறித்த ஒரு நோக்கத்துக்கு மட்டுமே. அந்நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டுமே. சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. தொலைவிலிருந்து வைத்தியம் பார்க்கும் செயலி ஒன்று, நோயாளியின் கைத்தொலைபேசியிலுள்ள பிறருடைய எண்களையும் கேட்கிறது. அவரும் ‘சரி’ என்கிறார். வைத்தியத்துக்கு அவ்வெண்கள் வேண்டாதவையாதலால், அச்சம்மதம் அவற்றைச் சாராது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும், கொடுத்தது போலவே எளிதாக இருத்தல் வேண்டும். ஆசிரியர்கள் கவனிக்க: 18 வயது நிரம்பாதோர் இச்சட்டப்படி குழந்தைகளே. அவர்கள் விஷயத்தில் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு.

பெரியதொரு விதிவிலக்கையும் மறைப்பதற்கில்லை. தொற்றுநோய்க் காலத்தில் சிகிச்சையளிக்கும் பொருட்டுச் சம்மதமின்றியே விவரங்களைக் கையாளச் சட்டம் இடமளிக்கிறது. 2020-ல் நீதிமன்றம் கேட்ட சம்மதத்தை, இனியொரு நோய்க்காலத்தில் இச்சட்டத்தைக் காட்டி ஊழியர் கேளாது விடக்கூடும். எனக்கு இது மனநிறைவு தரவில்லை. விதிவிலக்கு சிகிச்சைக்கே உரியது. பின்னர் அதே பட்டியலைக் கொண்டு ஒருவர் மருந்து விற்க அது இடம் தராது.

சம்மதம் கோரும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலுமோ பெறும் வாய்ப்பு மக்களுக்கு உண்டு. ஆகவே திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் வாழும் தமிழர் ஒருவர், மலையாளப் படிவத்தில் கையெழுத்திடுமுன் தமிழ்ப் படிவம் கேட்டால், அது உபசாரமாகக் கேட்பதன்று.