நீரிறைக்கும் இயந்திரமும் பெறுமானத் தேய்வும்

வெங்காயச் செய்கையின் வரவு செலவை எழுதும் கமக்காரர் பலர் விதை, பசளை, கூலி, எரிபொருள் யாவற்றையும் குறித்துக்கொள்வர். நீரிறைக்கும் இயந்திரத்தை மட்டும் விட்டுவிடுவர். அதற்குரிய பணம் முன்னரே கொடுத்தாயிற்று என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் ஒவ்வொரு பயிரோடும் அவ்வியந்திரம் சிறிது சிறிதாகச் செலவாகின்றது. இச்செலவே பெறுமானத் தேய்வு எனப்படும்.

ஓர் இயந்திரத்தை 80,000 ரூபாவுக்கு வாங்கியதாகக் கொள்வோம். அது 8 ஆண்டுகள் உழைக்கும். பின்னர் பழைய இரும்பாக 8,000 ரூபா பெறும். எஞ்சிய 72,000 ரூபாவை 8 ஆற் பிரிக்க, ஆண்டுத் தேய்வு 9,000 ரூபா. ஆண்டுக்கு இருமுறை பயிரிடுவோர் ஒவ்வொரு பயிருக்கும் 4,500 ரூபாவைச் செலவாக எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதின், 30,000 ரூபா இலாபம் எனக் கண்டவரின் உண்மை இலாபம் 25,500 ரூபாவே.

எழுதுவதால் மட்டும் பணம் சேராது. அத்தொகையை வேறாக எடுத்து வைத்தல் வேண்டும். வைக்காதவரின் இயந்திரம் வெங்காயம் முற்றும் வேளையில் நின்றுவிடின், மனைவியின் காப்பு அடைவுக்குப் போகும். எங்கள் வீட்டிலும் ஒருமுறை போயிற்று.

2022ஆம் ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருள்களின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதை அறிவீர்கள். பழைய விலைப்படி சேர்த்த பணம் புதிய இயந்திரத்துக்குப் போதாமற் போகலாம். ஆதலால் விலை ஏறுந்தோறும் ஒதுக்கும் தொகையையும் கூட்டுக.

திருத்தக் கூலியும் எண்ணெய்ச் செலவும் இதில் அடங்கா. அவற்றைத் தனியே எழுதுக. இயந்திரம் கொட்டிலிற் சும்மா கிடந்த ஆண்டிலும் தேய்வை எழுதாது விடலாகாது, துரு ஓய்வதில்லை. நிலத்துக்கு மட்டும் இக்கணக்கு இல்லை.