நிலவுக் குழியில் இருப்பது பனிக்கட்டிதானா?

கேள்வி: சந்திரயான்-1 நிலவில் பனிக்கட்டியைக் கண்டதாக வாசித்தேன். வெயிலே படாத குழிக்குள் கிடப்பதை மேலே பறந்த கருவி எப்படி இனங்கண்டது? அது ஏதாவது வெண்ணிறக் கல்லாக இருக்கக் கூடாதா?
— உயர்தர மாணவி, செங்கலடி

பதில்: நல்ல சந்தேகம், மகள். வெண்மையை மட்டும் நம்பினால் ஏமாறத்தான் வேண்டும். ஆய்வாளர்கள் பார்த்தது, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்த அலைநீளங்கள் குறைந்து திரும்புகின்றன என்பதை.

நீர் மூலக்கூற்றின் பிணைப்புகள் நீண்டும் வளைந்தும் அதிர்பவை. அந்த அதிர்வுகளுக்கு இசைந்த ஒளியை மூலக்கூறு உறிஞ்சிவிடும். திரும்பிவரும் ஒளியை நிறமாலையாக விரித்தால் அந்த இடங்களில் பள்ளம் விழுந்திருக்கும். பனிக்கட்டிக்கு 1.3, 1.5, 2.0 மைக்ரோமீற்றர் அருகில் மூன்று பள்ளங்கள். கனிமத்துக்குள் அடைபட்ட நீருக்கோ 1.4, 1.9 அருகில் ஒடுங்கிய பள்ளங்கள். பனிக்கட்டியில் ஐதரசன் பிணைப்புகள் மூலக்கூறுகளை வரிசையாகக் கோத்து வைத்திருப்பதால் பள்ளங்கள் இடம் நகர்ந்து அகலமாகின்றன. கல்லையும் பனியையும் பிரித்துக் காட்டுவது இந்தச் சிறு நகர்வுதான். 1972இல் வியாழனின் யூரோப்பா, கனிமீட் நிலவுகளின் பனியைப் பூமியில் இருந்தபடியே உறுதிசெய்ததும் இந்த வழியில்தான்.

பொள்ளாச்சிப் பக்கத்து மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22இல் ஏவப்பட்டது. அதிலிருந்த நாசாவின் கனிம வரைபடக் கருவி 3 மைக்ரோமீற்றர் அருகே ஒரு பள்ளத்தைக் கண்டது. 2009இல் உலகமே பேசிய செய்தி அது. ஆனால் அது பனிக்கட்டி அல்ல. வெயில் படும் மண்துகள்களில் மெல்லியதாக ஒட்டியிருந்த ஐதரொட்சிலும் நீரும். இந்தக் கண்டுபிடிப்பையும் பின்னால் வந்த பனிக்கட்டிக் கண்டுபிடிப்பையும் ஒன்றாகக் குழப்பி எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கருவியின் பார்வை 3 மைக்ரோமீற்றரோடு முடிந்துவிட்டதால் பள்ளத்தின் மறுகரை தெரியவில்லை; வெயிலில் சூடான தரை தானே வெளிவிடும் கதிர்வீச்சும் பள்ளத்தைத் தூர்த்துவிடும். 2019இல் போன சந்திரயான்-2இன் கருவி 5 மைக்ரோமீற்றர் வரை பார்ப்பது இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

பனிக்கட்டிச் சான்று வந்தது 2018இல். சந்திரயான்-1இன் தொடர்பு அறுந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஆய்வாளர் ஷுவாய் லீயின் குழுவினர் அதன் பழைய தரவுகளைத் திரும்பத் துருவினார்கள். குழிக்குள் நேர் வெயில் விழாவிட்டாலும், சுற்றியுள்ள சுவர்களில் பட்டுச் சிதறும் மங்கல் ஒளி உள்ளே போகிறது. அந்த ஒளியில் மூன்று பள்ளங்களும் சேர்ந்து தெரிந்த புள்ளிகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். அவை பெரும்பாலும் −163 பாகை செல்சியசுக்கும் குளிரான துருவப் பகுதிகள். அப்படிக் குளிர்ந்த நிழல் நிலங்களிலும் ஏறத்தாழ 3.5 வீதத்தில்தான் பனி தென்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள்: அகச்சிவப்பு ஒளி மேல்தோலின் சில மில்லிமீற்றரைத்தான் காட்டும். அதன் கீழே எவ்வளவு பனி கிடக்கிறது என்பதை இந்த ஒளியால் அறிய முடியாது.