வலிப்புக் குளிசையும் தாடை எலும்பும்

வலிப்புக்குக் குளிசை குடிக்கும் பிள்ளையின் முரசு தடித்து, பற்களை மூடத் தொடங்கியதும், "மருந்துதான் இதைச் செய்தது" என்று சொல்லிப் பெற்றோர் சிலர் குளிசையை நிறுத்திவிடுகின்றனர். அவர்கள் சொல்லும் காரணம் உண்மை. செய்யும் காரியம் பேராபத்து. திடீரென மருந்தை விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிரையே பறிக்கலாம்.

முரசைத் தடிக்கச் செய்யும் மருந்தின் பெயர் பெனிடோயின். 1938இல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இரு வைத்தியர்கள் இது வலிப்பை அடக்கும் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே இதனால் முரசு வளர்வதும் எழுதப்பட்டுவிட்டது. இதைக் குடிப்போரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி நேர்கிறது. தொடங்கிய சில மாதங்களிலேயே, முன்பற்களுக்கு இடையில் முதலில் தெரியும். பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் வீக்கமும் கூடும்.

தடித்த முரசு தானாக எலும்பைத் தின்பதில்லை. அதன் அடியில் சோறும் கிருமியும் தங்கி, அழற்சி உண்டாகி, பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பிறகு நல்ல பல்லும் ஆடும்.

எலும்புக்கு இன்னொரு வழியாலும் சேதம் வரும். பெனிடோயின், பினோபார்பிட்டோன், கார்பமசெப்பின் ஆகிய மூன்றும் ஈரலின் வேலையைத் துரிதப்படுத்துகின்றன. அதனால் உடலிலுள்ள விற்றமின் டீயும் வேகமாக அழிகிறது. அது குறைந்தால் உணவிலுள்ள கல்சியம் குடலில் சரிவரச் சேராது. இரத்தத்துக்குத் தேவையான கல்சியத்தை உடல் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். தாடையும் எலும்புதானே.

விற்றமின் டீ பெரும்பாலும் வெயிலிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் ஊர் விட்டு ஊர் வந்து, அயலவர் என்ன சொல்வார்களோ என்று வலிப்புள்ள பிள்ளையை அறைக்குள்ளேயே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வெயில் அதிகம் தேவைப்படும் பிள்ளைக்கே அது கிடைப்பதில்லை. மத்தேயு நற்செய்தி 17ஆம் அதிகாரத்தில் வரும் தகப்பன் தன் மகனைக் கூட்டத்தின் நடுவே இயேசுவிடம் கொண்டுவந்தான், ஒளித்து வைக்கவில்லை. பிள்ளையைத் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; நெருப்பு, கிணறு, ஆறு ஆகியவற்றின் அருகில் மட்டும் தனியே விடாதீர்கள். குரக்கன், முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்தலி ஆகியவற்றில் கல்சியம் நிறைய உண்டு. டின் மீனின் மெதுவான முள்ளையும் வீச வேண்டாம்.

காலையிலும் படுக்கைக்கு முன்னும் மெதுவான பிரஷ்ஷால் பல் துலக்க வேண்டும். முரசில் இரத்தம் கசிந்தால் துலக்குவதை நிறுத்தக் கூடாது. அழுக்கு இருப்பதால்தான் கசிகிறது. கலஹாவிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், பேராதனையில், பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. பல் வைத்தியரிடம் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள். முரசு மிகவும் வளர்ந்திருந்தால் வெட்டிச் சரிசெய்வார்கள். வலிப்பு வைத்தியர் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்றினால் வீக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் குறையும். எலும்புக்கு மருந்து வேண்டுமா என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

வலிப்பு வரும்போது வாய்க்குள் கரண்டியைத் திணிப்பது நம்மிடையே இன்னும் இருக்கிறது. பல் உடைவதும் தாடை காயப்படுவதும் அதனால்தான். பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்தினால் போதும்.

மறுபடி இடம்பெயர நேர்ந்தால், அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் மிஞ்சிய குளிசைகளையும் ஒரே பையில் எடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் குளிசை முடியும்வரை காத்திராமல், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.