பனியில்லாத மாதங்களும் சக்கரக் காலணியும்



பனி என்று சொன்னால் திருவண்ணாமலைப் பிள்ளைகளாகிய நமக்கு மார்கழி விடியற்காலையில் மலையை மறைத்து நிற்கும் மூட்டமும், புல் நுனியில் தொங்கும் துளியும்தான் தெரியும். கால் புதையும் பனியை எங்களில் எவரும் கண்டதில்லை. அப்படியிருக்க, பனிச்சறுக்கைப் பற்றி இவர்கள் ஏன் எழுத வந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சக்கரக் காலணி கட்டி ஸ்கேட்டிங் பழகத் தொடங்கினோம். ஒரு ஞாயிறு மாலை, எங்களில் ஒருத்தி தெருச் சரிவில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அரையாண்டுத் தேர்வை அவளால் எழுத முடியவில்லை. மற்ற நால்வரின் காலணிகளும் அன்றே பரணுக்குப் போய்விட்டன. "பெண் பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதற்கு?" என்ற கேள்வி ஐந்து வீட்டிலும் எழுந்தது. கோபப்படாமல் அந்தக் கேள்விக்கு விடை தேடினோம். தேடியபோது கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பனி உருகியபின் என்ன செய்வார்கள்?

நம் நாட்டில் காஷ்மீரத்துக் குல்மார்க், உத்தராகண்டின் ஆலி, இமாசலத்தின் சோலாங் ஆகிய இடங்களில் பனிச்சறுக்கு நடைபெறுகிறது. ஆனால் சறுக்குவதற்கு ஏற்ற பனி ஆண்டில் சில மாதங்களே அங்கே கிடக்கும். மற்ற மாதங்களில் வீராங்கனை சும்மா இருந்தால் காலின் வலிமையும் உடலின் சமநிலையும் குறைந்துபோகும். மறு பருவத்தில் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஆகையால் உலகெங்கும் பனிச்சறுக்கு வீரர்கள் கோடையில் சக்கரத்தை நாடுகிறார்கள்.

மலைச்சரிவில் இறங்குபவர்கள் ஒரே வரிசையில் சக்கரங்கள் பொருத்திய இன்லைன் ஸ்கேட் அணிந்து, சாலைச் சரிவில் கம்பங்களை நட்டு வளைந்து வளைந்து பழகுவார்கள். சமதளப் பனியில் நெடுந்தூரம் செல்பவர்கள் ரோலர் ஸ்கி என்னும் நீண்ட சக்கரப் பலகையில் பழகுவார்கள். பனிச் சறுக்குவண்டிப் பந்தயமான லூஜில் 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலந்துகொண்ட சிவ கேசவன், தம் வண்டியில் சக்கரம் பொருத்தி இமயமலைச் சாலைகளிலேயே பயிற்சி செய்தவர்.

இந்தியப் பெண்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. 1988ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ஷைலஜா குமார் சறுக்கினார். குளிர்கால ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட முதல் இந்தியப் பெண் அவரே. 2018ஆம் ஆண்டு மணாலியைச் சேர்ந்த ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் வென்றார். பன்னாட்டுப் பனிச்சறுக்குப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. 2025ஆம் ஆண்டு சிலி நாட்டில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் வெண்கலம் வென்ற பவானி தெக்கடா நஞ்சுண்டா, நம் அண்டை மாநிலத்துக் குடகைச் சேர்ந்தவர். குடகிலும் பனிமலை கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சக்கரம் பிறந்த கதை

காலணியில் சக்கரம் பூட்டும் எண்ணம் பழமையானது. 1760ஆம் ஆண்டளவில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் இலண்டனில் அதை அணிந்து காட்டினார். 1863இல் அமெரிக்கரான ஜேம்ஸ் பிளிம்டன் முன்னே இரண்டு, பின்னே இரண்டு என நான்கு சக்கரம் வைத்து, சாய்ந்த பக்கம் திரும்பும் காலணியைச் செய்தார். நம் ஊர்க் கடைகளில் சிறுவர்களுக்கு விற்கும் வகை இதன் வழிவந்ததே.

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஸ்காட் ஆல்சன் என்ற பனி ஹாக்கி வீரர், பனியில்லாக் காலத்திலும் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று எண்ணினார். ஒரே வரிசைச் சக்கரக் காலணியைத் தம் சகோதரருடன் சேர்ந்து திருத்தியமைத்து விற்கத் தொடங்கினார். இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் இன்லைன் ஸ்கேட்டிங், இவ்வாறு பருவமில்லாக் காலத்துப் பயிற்சிக்காகவே வளர்ந்தது.

உடலுக்கு என்ன பயன்?

பனிச்சறுக்கிலும் சக்கரச் சறுக்கிலும் நிற்கும் முறை ஏறத்தாழ ஒன்றே. முழங்காலை மடக்கி, உடலைச் சற்றே முன்சாய்த்து, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்ற வேண்டும். திரும்பும்போது காலணியின் ஓரத்தில் எடையைத் தாங்க வேண்டும். இதனால் தொடை, இடுப்பு, பிட்டம் ஆகியவற்றின் தசைகள் வலுப்பெறுகின்றன. நடையிலும் ஓட்டத்திலும் அதிகம் வேலை செய்யாத உள்தொடைத் தசைகளும் இதில் உழைக்கின்றன. நெஞ்சும் நுரையீரலும் நன்றாக இயங்குகின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் மூட்டில் விழும் அதிர்ச்சி இதில் குறைவு.

பெண்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. பனிச்சறுக்கில் முழங்காலின் முன்பக்கக் குறுக்குத் தசைநார் அறுந்துபோவது ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆகவே பருவம் தொடங்குமுன்பே தொடைத் தசைகளை வலுப்படுத்துவதும், சமநிலை பழகுவதும் அவர்களுக்கு மிகவும் அவசியமாகின்றன.

ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். பனியில் பலகையைக் குறுக்கே திருப்பினால் அது உராய்ந்து வேகம் தணியும். தார்ச்சாலையில் சக்கரம் அப்படி எளிதில் உராயாது. பனியில் கைதேர்ந்தவரும் சக்கரத்தில் நிற்பதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும். எங்கள் தோழி விழுந்ததும் இதனால்தான். அவளுக்கு ஓடத் தெரிந்தது, நிற்கத் தெரியவில்லை. கையில் காப்பும் இல்லை.

தமிழகத்தின் பெண்கள்

2023ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், பெண்களுக்கான 3000 மீட்டர் தொடர் சறுக்கில் இந்திய அணி வெண்கலம் வென்றது. சஞ்சனா பத்துலா, கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஹீரல் சாது, ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஆகிய நால்வர் அந்த அணியினர். இவர்களுள் ஆரத்தி சென்னையைச் சேர்ந்தவர், மருத்துவமும் படித்தவர். 2025இல் சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரில் தங்கம் பெற்றார். வெயில் கொளுத்தும் நம் மாநிலத்திலிருந்து இவர்கள் சென்றிருக்கிறார்கள்.

எங்கள் மனத்தை மிகவும் தொட்டது இன்னொரு நிகழ்ச்சி. அமெரிக்காவில் பனியே பெய்யாத ஒகாலா என்னும் ஊரில் சக்கரக் காலணியில் வளர்ந்தவர் எரின் ஜாக்சன். பொறியியல் படித்துப் பட்டம் பெற்ற பின்னரே பனித்தளத்துக்கு மாறினார். 2022 ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியில் அவர் கால் இடறி, தேர்வாகும் வாய்ப்பை இழந்தார். அப்போது அதே ஊரில் சக்கரத்தில் வளர்ந்த பிரிட்டனி போவ், தாம் வென்ற 500 மீட்டர் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். எரின் பெய்ஜிங் சென்று தங்கம் வென்றார். பின்னர் கூடுதல் இடம் ஒன்று கிடைத்ததால் பிரிட்டனியும் அப்போட்டியில் கலந்துகொண்டார். 1000 மீட்டரில் அவர் வெண்கலமும் பெற்றார். ஒருவர் இடறியதும் அவர் இடத்தைப் பறித்துக்கொள்ளாமல், தம் இடத்தையே கொடுத்தவரை நாம் எப்படி மறப்பது?

கற்க விரும்புவோர்க்கு

ஒன்று: தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு இந்நான்கும் இல்லாமல் காலணியைக் கட்டாதீர்கள். விழும்போது கை தானாகவே தரையில் ஊன்றும். அதனால் மணிக்கட்டுக் காப்பு இன்றியமையாதது.

இரண்டு: முதலில் புல்தரையில் நின்று பழகுங்கள். அங்கே சக்கரம் உருளாது. பின்பு சமமான சிமெண்டுத் தளத்துக்கு வாருங்கள். பாவாடை, தாவணி வேண்டாம். காலில் சிக்காத உடையே ஏற்றது.

மூன்று: விழக் கற்றுக்கொள்ளுங்கள். தடுமாறினால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து, முழங்கால் காப்பின் மேல் முன்பக்கமாக விழ வேண்டும். பின்பக்கம் சாய்வதே ஆபத்து.

நான்கு: ஓடுமுன் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். குதிகாலில் நிறுத்துக்கட்டை உள்ள காலணியாயின், அந்தக் காலை முன்னே நீட்டி, முன்பாதத்தை உயர்த்தி, குதிகாலை மெல்ல அழுத்த வேண்டும்.

ஐந்து: பொதுச்சாலையிலும் சரிவிலும் ஓடாதீர்கள். கிரிவலப் பாதை வழவழப்பாக இருக்கிறதே என்று எங்களுக்கும் ஆசை எழுந்தது. ஆனால் அது வெறுங்காலுடன் மக்கள் நடக்கும் பாதை. அவர்கள் மேல் மோதினால் அது விளையாட்டாகாது.

எங்கள் வேண்டுகோள்

காலொடிந்த நாற்காலியைப் போல, பத்தாம் வகுப்பு வந்ததும் பெண்களின் விளையாட்டு ஒரு மூலைக்குப் போய்விடுகிறது. சிலருக்கு வயது வந்த நாளிலேயே அது நின்றுவிடுகிறது. பொதுத்தேர்வு ஆண்டு எங்களுக்குப் பனியில்லாப் பருவம் என்றே வைத்துக்கொள்வோம். போட்டிகளுக்குச் செல்ல இயலாது, உண்மைதான். ஆனால் உடலை அடியோடு மறந்துவிட்டால் தேர்வுக்குப்பின் அது திரும்பி வருமா? 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேர உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் முன்னோர் சொன்னதும் அதுதானே.

எங்கள் தோழியின் கை இப்போது நன்றாகக் கூடிவிட்டது. அவளுடைய பாட்டி பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றி வருபவர். சென்ற மாதம் அவரே பரணைக் காட்டி மருமகளிடம், "நான் இந்த வயசுல நடக்கறேன். அவ பதினஞ்சு வயசுல உக்காந்தே இருக்கணுமா? கைக்கு ஏதோ காப்பு இருக்காமே, அதை வாங்கிக் குடு, போகட்டும்" என்றாராம். காலணியோடு காப்பும் வந்தது.

மதிப்பிற்குரிய சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள் இதுதான். மாலையில் எறிபந்துத் தளத்தில் அரைமணி நேரம், உடற்கல்வி ஆசிரியையின் பார்வையில், காப்புகளுடன் பழக எங்களுக்கு இடம் கொடுங்கள். படிப்பில் குறை வைக்க மாட்டோம். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர்கூட 1984ஆம் ஆண்டு இத்தாலிய மலையொன்றில் பனிச்சறுக்கு விளையாடினார் என்பதைச் சகோதரிகளுக்கு அன்புடன் நினைவூட்டுகிறோம்.

தோழியரே, பரணில் கிடக்கும் காலணிகளைத் துடைத்து வையுங்கள். நிற்கக் கற்றபின் சேர்ந்தே ஓடுவோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, தோழியர் ஐவர் சார்பில்